சகடு: ரோகிணியின் பழைய பெயர்

ஆல்டிபரான் என்ற விண்மீனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. நம் வீட்டு நாட்காட்டியில் மாதந்தோறும் வந்துபோகிற ரோகிணிதான் அது.

ஆல்டிபரான் அரபு மொழியிலிருந்து வந்தது. அல்-தபரான் என்றால் பின்தொடர்வது. கார்த்திகைக் கூட்டம் கிழக்கே எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இது எழும். நம் நட்சத்திர வரிசையிலும் கார்த்திகைக்கு அப்புறம்தான் ரோகிணி.

ரோகிணி வடசொல். ரோகிதம் என்றால் சிவப்பு, ரோகிணி, செந்நிறத்தவள். செந்நிறப் பசுவுக்கும் இந்தப் பெயர் உண்டு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உரோகிணி என்று எழுதினார்கள்.

அந்த நிறம் வெறும் கண்ணுக்கே தெரியும். சிவப்பு என்பதைவிடச் செம்மஞ்சள் என்பதே சரி. அதற்குக் காரணம் முதுமை. நடுவிலிருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்துபோக, அதைச் சுற்றியுள்ள அடுக்கில் எரிதல் தொடர, வெளிப்பகுதி ஊதிப் பெருத்துவிட்டது. சூரியனைப்போல ஏறத்தாழ 44 மடங்கு விட்டம். பெருத்ததால் மேற்பரப்பின் வெப்பம் குறைந்தது: சூரியனில் 5,500 டிகிரி செல்சியஸ், இதில் சுமார் 3,600. வெப்பம் குறைந்தாலும் பரப்பு அவ்வளவு பெரிது என்பதால், மொத்த ஒளி சூரியனைவிட 400 மடங்குக்கு மேல். இந்த வகையை ராட்சதன், அரக்கன் என்றெல்லாம் எழுதுகிறார்கள். வயதாகிப் பருத்த ஒன்றை அரக்கன் என்பானேன்? செம்மஞ்சள் பெருவிண்மீன் என்றால் போதும்.

சரி, தமிழில்? சகடு. வண்டி என்று பொருள். குறளில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைச் சாகாடு என்கிறாரே, அதன் உறவுச் சொல். ரோகிணி தனி விண்மீனாக அல்லாமல், ஐந்து விண்மீன் சேர்ந்த கூட்டமாகவே எண்ணப்பட்டது. முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் விரிந்த கட்டை வண்டிச் சட்டம் மாதிரி அது வானில் கிடக்கும். சகடம் வடமொழியிலும் உள்ள சொல். வண்டி உருவமும் அங்கே உண்டு. ஆனால் தமிழில் இந்தப் பெயர் சோதிடத்துக்குள் அடைந்து கிடக்கவில்லை, கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்டது. அகநானூற்றின் 136-ஆம் பாட்டில் திங்களும் சகடமும் கூடிய நல்ல வேளையில் மணம் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் தீவலம் வரும்போது, 'வானூர் மதியம் சகடணைய' என்கிறார் இளங்கோ.

நெருங்கிச் சேர என்று பொருள்படும் அந்த 'அணைய' என்ற சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நிலாவின் பாதையை ஒட்டியே ரோகிணி இருப்பதால், ஏறக்குறைய 27 நாளுக்கொரு முறை நிலா அதன் அருகே வரும். சில ஆண்டுகளில் அதன்மேலேயே ஏறி மறைக்கவும் செய்யும். 2015 முதல் 2018 வரை அப்படித் தொடர்ந்து நடந்தது. வானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் 'அணைய' என்று எழுத வரும்.

நிகண்டுகளில் பண்டி, வையம் என்ற பெயர்களும் இருக்கின்றன. அவையும் வண்டிதான்.

ஒரு சிக்கல் உண்டு. வண்டியின் மற்ற விண்மீன்கள் ஹையடீஸ் என்ற கொத்தைச் சேர்ந்தவை, சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை. ரோகிணியோ சுமார் 65 ஒளியாண்டில், அவற்றுக்கு முன்னால் தனியே நிற்கிறது. நம் பார்வைக்கு மட்டும் ஒரே வண்டி. ஆகவே கூட்டத்துக்குச் சகடு என்றும், அந்தச் செம்மஞ்சள் விண்மீனுக்குச் சகட்டுமீன் என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ரோகிணி என்று சொல்கிறவர்களைத் திருத்த வேண்டியதில்லை. அது நம்மிடம் நெடுங்காலம் புழங்கிய பெயர்.

தை மாதத்து முன்னிரவில் ஓரையன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பிடியுங்கள். அந்தக் கோட்டை வடமேற்காக நீட்டினால் முதலில் சகட்டுமீன் வரும். இன்னும் நீட்டினால் கார்த்திகை.