கிருமி செத்த பிறகும் உடம்பு ஏன் தேறவில்லை?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்குச் சலத்தில் கிருமி என்றுதான் வார்டில் சேர்த்தோம். இரண்டாம் நாள் பிரஷர் விழுந்து ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். கார்ட்டில் செப்சிஸ் என்று எழுதியிருக்கிறது. மருந்துக்குக் கிருமி செத்துவிட்டது, பிறகு எடுத்த கல்ச்சரிலும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியென்றால் சிறுநீரகம் ஏன் பழுதானது? வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் படி ஏற முடியவில்லை, தெரிந்தவர்களின் பெயரெல்லாம் மறந்துபோகிறது. பக்கத்து வீட்டு அன்ரி கண்ணூறு என்கிறார்."

நல்ல கேள்வி. செப்சிஸ் என்றால் இரத்தத்தில் கிருமி பெருகுவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2016இல் வகுத்த வரையறை வேறு விதமாகச் சொல்கிறது: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிதானம் இழந்து, உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்குத் தன் உறுப்புகளையே பழுதாக்குவதுதான் செப்சிஸ். தொடக்கி வைப்பது பாக்டீரியாவாக இருக்கலாம், வைரஸாகவும் பூஞ்சையாகவும்கூட இருக்கலாம். அதற்குப் பிறகு நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு நம்முடைய கைங்கரியம்.

அரிதான வருத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2020இல் வெளிவந்த ஓர் உலகளாவிய கணிப்பின்படி, 2017இல் மட்டும் ஏறக்குறைய 4.9 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு உலகில் நடந்த மரணங்களில் இது ஐந்தில் ஒரு பங்கு. வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு செப்டெம்பர் 13 என்று ஓர் உலக தினம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சலத்தில் வழக்கமாகத் தொற்றும் ஈ.கோலையின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு உண்டு. நம் வெள்ளையணுக்களில் அதை மோப்பம் பிடிக்க ஒரு வாங்கி இருக்கிறது. எலிகளில் அதை அடையாளம் கண்ட புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாங்கி தூண்டப்பட்டதும் அழற்சிச் செய்திகள் பறக்கின்றன. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, சுவர்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் விழுகிறது. சரி, இவ்வளவும் பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும்.

நான் சொல்ல ஆசைப்படுவது நியூட்ரோபில் என்ற வெள்ளையணு செய்யும் ஒரு வேலையைப் பற்றி.

நம் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. கிருமியை விழுங்கிச் செரிப்பதுதான் அவற்றின் தொழில் என்று நூறு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 2004இல் பெர்லினில் பிரிங்க்மனும் சிக்லின்ஸ்கியும் அவர்களுடைய குழுவினரும் வேறொன்றைக் காட்டினார்கள். விழுங்கிச் சமாளிக்க முடியாத நிலையில் நியூட்ரோபில் தன் டி.என்.ஏ.யையே வெளியே எறிகிறது. முகத்துவாரத்து மீனவர் வலை வீசுவது போலத்தான். விரிந்த இழைகளில் பாக்டீரியாக்கள் சிக்கிக்கொள்கின்றன.

எப்படி எறிகிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. ஒரு கலத்துக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீற்றர். அது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிய கருவுக்குள் அடங்கியிருப்பது ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டிருப்பதால். டி.என்.ஏ.க்கு எதிர் மின்னேற்றம், ஹிஸ்டோனுக்கு நேர் மின்னேற்றம். அந்தக் கவர்ச்சிதான் சுருளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹிஸ்டோனின் நேர் மின்னேற்றத்தில் ஒரு பகுதி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. ஆபத்து வந்ததும் பி.ஏ.டி.4 என்றொரு நொதியம் அந்த ஆர்ஜினின்களைச் சிட்ருலினாக மாற்றுகிறது. சிட்ருலினுக்கு மின்னேற்றமே கிடையாது. பிடி தளர்கிறது, சுருள் அவிழ்கிறது, கருச்சவ்வு கரைகிறது. கலத்துக்குள் பொட்டலம் கட்டி வைத்திருந்த கிருமிகொல்லி நொதியங்கள் வந்து இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு கலத்தின் வெளிச்சவ்வும் கிழிந்து எல்லாமாகச் சேர்ந்து வெளியே விரிகிறது.

இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அத்தோடு நியூட்ரோபிலின் கதையும் முடியும். ஆனால் வேறொரு வழியும் உண்டு: சில நியூட்ரோபில்கள் நிமிடக் கணக்கில் டி.என்.ஏ.யை வீசிவிட்டு, கருவே இல்லாமல் தொடர்ந்து ஊர்ந்து கிருமிகளை விழுங்கிக்கொண்டிருக்கும். முதல்முறை இதை வாசித்தபோது நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தேன். கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. சில ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகள் டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தைச் சுரந்து வலையை அறுத்துக்கொண்டு தப்பிவிடுகின்றன.

காயம்பட்ட விரலில் ஒரு சிறு இடத்தில் இது நடந்தால் நமக்கு லாபம். செப்சிஸில் உடம்பு முழுக்க நடக்கிறது. நுரையீரலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள மிக நுண்ணிய குழாய்கள், சிவப்பணு ஒன்று நெருக்கிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் அகலம். அதற்குள் வலை விழுந்தால் முதலில் இரத்தச் சிறுதட்டுகள், நாம் பிளேட்லட் என்கிறோமே அவை, வந்து ஒட்டும். இரத்தம் உறையத் தொடங்கும். அப்புறம் அவிழ்ந்த ஹிஸ்டோன் இருக்கிறதே, கருவுக்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் குழாயின் உட்சுவர்க் கலங்களையே கொல்லும் நஞ்சு. அன்ரிபயோட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், இந்த உறைவையும் சிதைவையும் அது தொடாது. வாசகரின் அம்மாவுக்குக் கல்ச்சர் சுத்தமாக இருந்தும் சிறுநீரகம் தடுமாறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். விழுந்த இரத்த அழுத்தம் மற்றொன்று.

இந்த நுண்குழாய்களின் நிலைமையை வெறுங்கண்ணால் ஓரளவு பார்க்கலாம். ஐ.சி.யூ.வில் வைத்தியர் நோயாளியின் விரல் நுனியை அழுத்திப் பிடித்து விடுவார். வெளுத்த நகத்தடியில் இளஞ்சிவப்பு எத்தனை வினாடியில் திரும்புகிறது என்று பார்ப்பார். மூன்று வினாடிக்கு மேல் இழுத்தால் இரத்தம் நுனிவரை சரியாக ஓடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். செலவில்லாத சோதனை. இரத்தத்தில் லக்டேற் என்ற அமிலப்பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனையோடு இதை ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, சிகிச்சையை வழிநடத்த இதுவும் சளைத்ததல்ல என்றே காட்டியது.

மருந்து கண்டுபிடிக்கவில்லையா என்றால், பார்த்தார்கள். 2001இல் அமெரிக்காவில் ஸிகிரிஸ் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. உறைதலைத் தடுக்கும் நம் உடம்பின் புரதம் ஒன்றைச் செயற்கையாகச் செய்தது. அந்தப் புரதம் ஹிஸ்டோனை வெட்டவும் செய்யும் என்று 2009இல் தெரியவந்தபோது எல்லாம் பொருந்தி வந்தது போலத்தான் இருந்தது. 2011இல் வந்த பெரிய பரிசோதனையில் மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமே இல்லை. கம்பனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. அழற்சிச் செய்திகளை மறிக்கும் மருந்துகளும் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தோற்றன. ஆராய்ச்சிப் பணம் ஒரே ஊசியில் குணமாக்கும் மருந்தைத் தேடியே போய்க்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. அதில் ஒரு சிறு பகுதியை, பிழைத்து வீட்டுக்குப் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கச் செலவழித்தால் என்ன?

ஏனென்றால் நிறைய ஆகிறது. ஐ.சி.யூ.வில் கிடக்கும் கடும் நோயாளியின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறக்குறைய 18 சதவீதம் கரைந்துபோவதை ஸ்கானில் அளந்திருக்கிறார்கள். படி ஏற முடியாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. செப்சிஸிலிருந்து மீண்ட வயதானவர்களுக்கு நினைவாற்றல் குறைவதை 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது; சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடித்தது. தலைமயிர் கொட்டும், நித்திரையில் ஐ.சி.யூ. கனவுகள் வரும், சின்ன விசயத்துக்கும் அழுகை வரும். இவை சோம்பலும் அல்ல, வயசும் அல்ல, கண்ணூறும் அல்ல. நாவூறு பார்த்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதால் கேடு எதுவும் வராது. "அதுதான் சுற்றிப் போட்டாயிற்றே" என்று பிசியோதெரபிக்கும் கிளினிக்குக்கும் போகாமல் விடுகிறார்களே, எனக்கு அதுதான் கோபம்.

அம்மாவுக்குச் செய்யக்கூடியது இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடை கூட்டுதல், சிறுநீரகத்துக்குப் பொருந்தும் அளவை வைத்தியரிடம் கேட்டுப் புரதம் சேர்த்த சாப்பாடு, சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்தல். ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் உட்கார்ந்து வரிசையாகச் சொல்வதும் உதவும். அந்த நாட்கள் அவருக்குப் பாதி வெறுமை, பாதி பயங்கரக் கனவு. சில நாடுகளில் தாதியர் இதற்கென்றே நாட்குறிப்பு எழுதி வைக்கிறார்கள். அந்த கார்ட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். மீண்டவர்களில் பலர் சில மாதங்களுக்குள் இன்னொரு தொற்றோடு திரும்பவும் வார்டுக்கு வருகிறார்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும்.

கடைசியாக, கொழும்புக்காரர்களுக்கென்றே ஒன்று. நமக்குக் காய்ச்சல் என்றால் டெங்குதான். பிளேட்லட் எண்ணிக்கை நன்றாக இருந்தால் நிம்மதி, குறைந்தால் பப்பாசி இலைச் சாறு. செப்சிஸிலும் பிளேட்லட் குறையும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், உடம்பு குளிர்ந்துபோயும் செப்சிஸ் வரலாம். எலிக்காய்ச்சலோ, காலில் ஆறாத புண்ணோ, நெஞ்சுச் சளியோ, சலக் கிருமியோ, எதுவும் இதில் கொண்டுபோய் விடலாம். இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிகளில் அன்ரிபயோட்டிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே பனடோல் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு வாங்க மாட்டார்கள். வெறுமனே காய்ச்சல் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். பிதற்றுகிறார், மூச்சு வாங்குகிறது, காலையிலிருந்து சலம் போகவில்லை என்று கண்டதைச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போனதும், "இது செப்சிஸாக இருக்குமா, டொக்டர்?" என்று கேளுங்கள்.