‘கரண்ட் பிடிக்கிற’ சிகிச்சைக்கு முன் வீட்டாரிடம் சொல்ல நினைப்பது

“மிஸ், அப்பாவுக்குக் கரண்ட் பிடிக்கப் போறாங்களாம். வயசான மனுசன், தாங்கமாட்டார் மிஸ்.”

படுவான்கரையிலிருந்து தகப்பனைக் கூட்டிவந்த மகள், வோர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பத்து நாளாகச் சோறு தொடவில்லை. தண்ணீரும் ஓரிரு மிடறுதான். “குடல் அழுகிப்போச்சு, சாப்பிட்டா எங்க போகும்?” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மனச்சோர்வு முற்றும்போது இப்படியான நம்பிக்கைகள் வருவதுண்டு. மாத்திரை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். அவ்வளவு காலம் அவர் உடம்பு தாங்காது. அதனால்தான் வைத்தியர் மின்வலிப்புச் சிகிச்சையை, அதாவது சனங்கள் சொல்லும் ‘கரண்ட் பிடிக்கிறதை’, சொன்னார்.

மட்டக்களப்பில் உளமருத்துவத் தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்தப் பயம் பழகியது. படங்களில் ஆளைக் கட்டிவைத்து ஷொக் கொடுப்பதைத்தானே எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1938இல் ரோமில் இது தொடங்கியபோது மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள். வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. இன்று மயக்கி, தசைகளைத் தளர்த்திய பிறகுதான் செய்வது. குணம் தருவது மின்சாரம் அல்ல, அது மூளையில் உண்டாக்கும் வலிப்பு. மின்சாரம் சில விநாடிகள்தான். வலிப்பும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரிவது கால்விரல்களின் மெல்லிய துடிப்பு மட்டும். சிகிச்சையால் உயிர் போகும் ஆபத்து, ஒரு இலட்சம் தடவைக்கு ஏறத்தாழ 2.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று: விடியற்காலைத் தேத்தண்ணி. பசியோடு கிடக்கிறாரே என்ற பாசத்தில் யாராவது ஒளித்துக் கொடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். சிகிச்சைக்கு முந்திய ஆறு மணித்தியாலத்துக்குச் சாப்பாடோ பால் தேத்தண்ணியோ வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். அன்றைய சிகிச்சையை இன்னொரு நாளைக்கு மாற்றலாம். கட்டுப்பல், இதய நோய், வலிப்புக்குக் குடிக்கும் மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழும்பும்போது அவருக்கு எங்கே இருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் பிடிபடாது. தலையிடி, தாடை நோவு, ஓங்காளம் வரலாம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து பெயரையும் இடத்தையும் மெதுவாகச் சொன்னால் போதும், கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். சிகிச்சை கிழமைக்கு 2 அல்லது 3 தடவையாக, மொத்தம் 6 முதல் 12 வரை போகும். முதல் தடவையில் மாற்றம் தெரியவில்லையென்று மனம் உடையாதீர்கள். அந்த ஐயா தேத்தண்ணி கேட்டது நான்காவதுக்குப் பிறகுதான்.

ஞாபகத்தைப் பற்றி மழுப்ப எனக்கு விருப்பமில்லை. சிகிச்சை நடக்கும் நாட்களும் அதற்கு முந்திய கிழமைகளும் மாதங்களும் சிலருக்கு மங்கும். பெரும்பாலும் தெளியும், ஆனால் சில நினைவுகள் திரும்பாமலே போவதும் உண்டு. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் நோயாளிக்கும் வீட்டாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இந்த ஐயா சுகமாகி வீட்டுக்குப் போன பிறகு, பெரும்போக நெல் விற்ற காசை மகன் எடுத்துவிட்டான் என்று பெரிய சண்டை. காசை வாங்கிக் கூட்டுறவுக் கடனைக் கட்டியது அவரேதான்! அது நினைவில் இல்லை. பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகுதான் அமைதியானார். அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்கிறேன்: முதல் சிகிச்சைக்கு முன்பே ஒரு கொப்பியில் கடன், அடகு வைத்த நகை, வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் வைத்திருக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அண்மையில் நடந்த செத்தவீடு, கலியாணத்தையும் எழுதுங்கள். இறந்த தம்பியை எங்கே என்று கேட்டு, திரும்பவும் புதிதாக அழ வேண்டி வரக்கூடாது.

மறுகா, மருந்து. சுகம் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், அடுத்த ஆறு மாதத்துக்குள்ளேயே நிறையப் பேருக்கு நோய் திரும்புகிறது. வயல் வேலையோ பஸ் இல்லாததோ, கிளினிக் நாளில் வர முடியாவிட்டால் வோர்ட்டுக்கு ஒரு கோல் எடுத்து, மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.