பூவிலேயே தொடங்கும் ஸ்ட்ராபெர்ரி அழுகல்

ஸ்ட்ராபெர்ரியைக் கெடுக்கும் பூஞ்சைகளில் மிகவும் பொல்லாதது போட்ரைடிஸ் சினேரியா. பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று படருமே, அதுதான். பழத்தில் தெரிந்தாலும், பெரும்பாலும் அது செடிக்குள் புகுவது பூ மலர்ந்திருக்கும் நேரத்தில்.

காற்றில் வரும் பூஞ்சை வித்து (விதைபோலப் பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்) ஈரமான இதழிலோ மகரந்தத் தாளிலோ விழுந்து முளைக்கிறது. வாடப்போகும் பாகங்களில் எதிர்ப்பு குறைவு. அங்கே வேர்பிடித்து, பூவின் அடித்தளத்துக்கு நகர்கிறது. நாம் சாப்பிடும் சதையே அந்த அடித்தளம் பருத்து உண்டாவதுதான்! காய் பச்சையாக இருக்கும்வரை பூஞ்சை சும்மா கிடக்கும். பழுத்துச் சர்க்கரை ஏறி, சதை இளகியதும் கிளம்பும். பறிக்கும்போது பளபளவென்று இருந்த பழம் டப்பாவுக்குள் அழுகுவது இப்படித்தான். குளிர்பெட்டியிலும் மெதுவாக வளரும், தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்கும் பரவும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பிளான்ட் சிட்டி வட்டாரத்தில் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலப் பயிர். பூவும் காயும் பழமும் ஒரே செடியில் மாதக்கணக்கில் இருப்பதால், வாரம் தவறாமல் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. அதன் பலன், பல மருந்துக் குழுக்களுக்கு (ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகள் ஒரு குழு) மசியாத போட்ரைடிஸ் பெருகியது. தேவை பார்க்காமல் நாள்காட்டிப்படி மருந்தடிப்பது பூஞ்சைக்குத்தான் பயிற்சி கொடுக்கிறது.

ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஈரத்தைக் கணக்கெடுத்தார்கள். வித்து முளைத்து உள்ளே புக, ஏறக்குறைய 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் பல மணி நேரம் காயாத ஈரமும் சேர்ந்து அமைய வேண்டும். இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்பதை உணரிக் கருவிகள் அளக்கின்றன. அதை வெப்பநிலையோடு சேர்த்துக் கணினி ஆபத்தை மதிப்பிட்டு விவசாயிக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி வந்தால் தெளிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். சோதனை வயல்களில் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. இந்த முறை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

சரி, கருவி இல்லாத விவசாயி என்ன செய்வது? மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை விட்டுச் சொட்டுநீருக்கு மாறலாம். பழம் மண்ணில் படாதபடி மூடாக்கு போடலாம். காற்று புகுந்து பனி சீக்கிரம் காய, செடிகளை நெருக்கமாக நடாமல் இருக்கலாம். அழுகிய பழம் ஒவ்வொன்றும் வித்துக் கிடங்கு என்பதால், பறிப்பின்போதே வயலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அப்புறம் மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், பூக்கும் பருவத்தில், மருந்துக் குழுவை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.