களிம்பு போட்டும் படரும் தாமரை

தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் மேடாகி அரிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டால் மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். நிறுத்திய சில நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். படர்தாமரை வந்த பலருக்கு இது பழகிப்போன சுற்று.

படர்தாமரைக்குக் காரணம் ஒரு பூஞ்சை. தோலின் மேலடுக்கில் இறந்த செல்களிலுள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதன் தீனி. இறந்த செல் அரிக்காது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடல் போடும் சண்டையால் வருபவை. பூஞ்சை வெளிப்பக்கமாகப் பரவப் பரவ சண்டையும் ஓரத்துக்கு நகர்கிறது, நடுப்பகுதி ஆறத் தொடங்குகிறது. வட்டம் விழுவது இப்படித்தான். ஆய்வகத்தில் செதிலை ஓரத்திலிருந்தே சுரண்டி எடுப்பார்கள். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் தோல் செல்கள் கரைந்து, பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும்.

கடைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடுவதில்லை, சண்டையைத்தான் நிறுத்துகிறது. எதிர்க்க ஆளில்லாததால் பூஞ்சை தாராளமாகப் பரவும். வட்டத்துக்குள் வட்டம் விழும். சிலருக்கு ஓரமே மறைந்து, மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து விழும் வரிகள் அப்புறம் மறையாது. டியூப்பைத் திருப்பிப் பாருங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் போட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவது நல்லது.

பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பிலும் பலர் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் போயிருக்கும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது.

சரியாகத் தடவியும் கேட்கவில்லையா? பூஞ்சையின் சவ்வுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குவதுதான் டெர்பினாஃபின் என்ற மருந்தின் வேலை. அந்த நொதி உருமாறியதால் இம்மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். அதனால் மாத்திரையை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் இருவரும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றும். துண்டு ஆளுக்கொன்று. துணியை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். பலரும் மறப்பது அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறி எந்நேரமும் இடுப்பிலேயே கிடக்கும் அதில் பூஞ்சை தங்கும். குணமாகும்வரை கழற்றி வைக்கலாம்.

குழந்தையின் தலையில் செதிலோடு முடி உடைந்து திட்டாக இருந்தால் களிம்பு பயன்படாது. அங்கே பூஞ்சை முடிவேருக்குள் இருப்பதால் உள்மருந்துதான் எட்டும்.