பைக்கு அவசரம், தொட்டிக்கு நிதானம்

என் முதல் கடல்மீன்கள் நான்கு நாள்தான் இருந்தன. தொட்டியில் உப்புநீர் நிரப்பி ஒன்பதாம் நாளே கடைக்கு ஓடி, ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி வந்தேன். ‘நீமோ’ என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்களே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அதேதான். அன்று காலை விமானத்தில் வந்த பையைப் பிரிக்காமல் அப்படியே கொடுத்தார்கள். வீட்டில் அந்தப் பையைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரை மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று மணி நேரம் பொறுமையாகப் பழக்கினேன். பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பது நாளில் அவசரப்பட்டது தப்பு, மூன்று மணி நேரம் நிதானமாக இருந்ததும் தப்பு என்று புரிய ரொம்ப நாள் ஆனது. இரண்டு தப்புக்கும் காரணம் ஒரே பொருள்: அம்மோனியா.

நாம் சாப்பிடும் புரதத்தில் உடம்புக்குப் போக மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்புகிறது. அந்த மாற்றத்துக்குச் சக்தி செலவாகும். மீன் அந்தச் செலவு செய்வதில்லை. அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. சுற்றிலும் கடல் இருக்கும்போது அது நல்ல ஏற்பாடு, விட்ட நொடியிலேயே கரைந்து காணாமல் போகும். 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே போகும்?

ஒரு சின்னக் கணக்கு. மீன் உணவில் 45 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஒரு கிராம் உணவில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி அம்மோனியாவாக வந்தாலும் 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் ஏறும். ஒரே நாளில். குட்டிக் கோமாளி மீன் ஒன்று இதில் பத்தில் ஒரு பங்குகூடச் சாப்பிடாது என்பது உண்மைதான். ஆனால் முதல் மீன் வாங்கிய ஆசையில் நாம் போடுகிற அளவு வேறு. மீன் தொடாத உணவும் மணலில் அழுகி அம்மோனியாதான் ஆகும்.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல் தொட்டியில் அடிபடும் இடம் இதுதான். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று, மின்னேற்றம் உள்ள அம்மோனியம். இது செவுளுக்குள் எளிதில் நுழையாது, கிட்டத்தட்ட சாது. இன்னொன்று, மின்னேற்றம் இல்லாத அம்மோனியா. இது செவுளை ஊடுருவி இரத்தத்தில் கலக்கும். விஷம் என்றால் இதுதான். எந்த வேடம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, முடிவு செய்கிறது. பி.எச். 7 உள்ள நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். ஒரு எண் ஏறினால் அந்தப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை. அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் நன்னீர் மீன் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும், கடல்மீன் மேலே வந்து மூச்சு வாங்கும்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழ்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890 வாக்கில் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிய தொந்தரவு இல்லை, தண்ணீர் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1998இல் டிமோத்தி ஹோவனெக்கும் அவருடைய சகாக்களும் மீன்தொட்டிகளில் தேடியபோது, நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகைதான் அங்கே வேலை பார்ப்பது தெரிந்தது. மீன்தொட்டிக்காரர்களுக்குப் பிடித்த கதை 2005இல் வந்தது. பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற தனி இனத்திலும் அம்மோனியா தின்னும் உயிர் உண்டு என்று அந்த ஆண்டு நிரூபித்தார்கள். அதைத் தனியாகப் பிரித்தெடுத்த இடம் நடுக்கடல் அல்ல, அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல் தொட்டியின் சரளைக்கல். இந்தக் கூட்டத்து உயிர்கள் உலகக் கடல்கள் எங்கும் ஏராளமாக இருப்பவை. பிடிபட்டது என்னவோ தொட்டியில்.

இவற்றுக்கு ஒரு குணம் உண்டு: மகா நிதானம். வயிற்றைக் கலக்கும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அம்மோனியா தின்னிகளுக்கு அரை நாள், ஒரு நாள், சமயத்தில் அதற்கும் மேல் பிடிக்கும். அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. அதை வைத்துக்கொண்டு, உடம்பு கட்டத் தேவையான கரியையும் கரியமில வாயுவிலிருந்து தாங்களேதான் தயாரிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தன் வீட்டுக்கான செங்கலையும் தானே சுட்டுக்கொள்கிற ஆள் மாதிரி. ஒன்பது நாளில் என் தொட்டியில் வீடு கட்டி முடித்திருக்க வாய்ப்பே இல்லை. தண்ணீர் மட்டும் பளிங்குபோல் இருந்தது. பளிங்குத் தண்ணீரை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

அதனால் இப்போது மீனே இல்லாமல்தான் தொட்டியைப் பழக்குகிறார்கள். அம்மோனியம் குளோரைடு உப்பைக் கரைத்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி விட வேண்டும். சிலர் உரிக்காத இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவார்கள். வேலை நடக்கும், வீட்டில் திட்டும் விழும். முதலில் அம்மோனியா அசையாமல் நிற்கும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விட்ட 2 மில்லிகிராம் ஒரே நாளில் காணாமல் போனால் தொட்டி தயார். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது பத்து கிராம் உணவுக்குச் சமமான சுமை, ஒரு குட்டி மீனுக்குத் தாராளம். அதற்குள் நைட்ரேட் குவிந்திருக்கும் என்பதால் மீன் வருமுன் பாதித் தண்ணீரையாவது மாற்றிவிடுங்கள். இந்த உயிர்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, தண்ணீரோடு போய்விடாது. இடையில் மணலில் பழுப்புப் பாசி படர்ந்தால் பயப்பட வேண்டாம், வந்த வழியே போகும்.

புட்டியில் விற்கும் பாக்டீரியா இந்த நாட்களைக் குறைக்கும், உயிரோடு வந்து சேர்ந்தால். இவை தம்மைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வெப்பத்தைத் தாங்கும் ரகம் இல்லை. மே மாதத்தில் கூரியர் வண்டியில் மூன்று நாள் வெந்து வந்த புட்டியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டு எடுத்துப் போட்டால் எல்லாம் வேகமாக நடக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, எடுத்தால் குற்றம். செயற்கைக் கல்லும் பொறுமையும் போதும். கடற்கரையில் மொண்டு வந்த தண்ணீரும் வேண்டாம். கரையோரத்தில் கழிவு கலந்திருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் குறைந்துபோகும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது, மெக்னீசியமும் கால்சியமும் இன்னும் பலதும் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைப் போட்டு ஒரு நாள் சுழலவிடுவதுதான் வழி.

சரி, தொட்டி தயார். இனி பை.

விமானத்தில் வரும் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி ஆக்சிஜன். அதனால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. மீன் விடும் கரியமில வாயு மட்டும் வெளியேற வழியில்லாமல் தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது, பி.எச். 7 பக்கம் சரிகிறது. கூடவே அம்மோனியாவும் குவிகிறது. பி.எச். கீழே இருப்பதால் அது அம்மோனியம் என்ற சாது வேடத்தில் அடங்கிக் கிடக்கிறது. ஒரு கழிவு இன்னொரு கழிவின் பல்லைப் பிடுங்கி வைத்திருக்கிறது என்று சொல்லலாம். நாம் பையைத் திறக்கிறோம். சோடா புட்டியைத் திறந்த மாதிரி கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது, பி.எச். ஏறுகிறது. போதாக்குறைக்கு பி.எச். 8.2 உள்ள தொட்டித் தண்ணீரை வேறு சொட்டுச் சொட்டாக விடுகிறோம். அடங்கிக் கிடந்த அம்மோனியம் வேடம் கலைக்கத் தொடங்க, மீன் அதன் நடுவில் நிற்கிறது. நான் மூன்று மணி நேரம் ‘பழக்கியது’ இதற்குத்தான்.

அப்படியானால் பையைத் திறந்ததும் மீனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அங்கே உப்பு குறுக்கே நிற்கிறது. கடல்மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. கடலுக்குள் இருந்துகொண்டே தாகத்தோடு போராடும் பிராணி அது. கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, அதிகப்படி உப்பைச் செவுளில் உள்ள தனி செல்கள் வெளியே தள்ளுகின்றன. இந்தக் கணக்கு புது உப்பளவுக்குச் சரியாக நாட்கள் பிடிக்கும். பல கடைகளில் உப்பை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். ஒட்டுண்ணிகள் அடங்கும், உப்புச் செலவும் மிச்சம். லிட்டருக்கு 27 கிராம் உப்பில் இருந்த மீனை 35 கிராமுக்குச் சட்டென்று மாற்றினால் அது உலர்ந்துபோகும்.

அம்மோனியா அவசரப்படுத்துகிறது, உப்பு பொறு என்கிறது. பல காலம் இதற்கு ஒரு சமரசமாகத்தான் சொட்டுமுறை இருந்தது. கடையிலிருந்து அரை மணியில் வீடு சேரும் மீனுக்கு அது இன்றும் சரி, அந்தப் பையில் அம்மோனியா அவ்வளவு சேர்ந்திருக்காது. தொலைவிலிருந்து வரும் மீனுக்கு வேறு வழி உண்டு. மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதை விட்டுவிட்டு, தண்ணீரை மீனுக்கு ஏற்றாற்போல் மாற்றி வைத்துவிடலாம். கடையில் உப்பளவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு தனிமைத் தொட்டியை அதே அளவில் தயார் செய்யுங்கள். பை வந்ததும் மூடியபடியே பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். பிறகு திறந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு, மீனை மட்டும் ஒரு கிண்ணத்தால் எடுத்து உடனே உள்ளே விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உப்பை அதற்கப்புறம் நாலைந்து நாளில் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம்.

தனிமைத் தொட்டி எதற்கு, முதல் மீன்தானே என்று கேட்கலாம். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, பல நாள் கழித்து நூற்றுக்கணக்கில் நீந்தி வரும். பெரிய தொட்டிக்குள் அது நுழைந்துவிட்டால், மீனே இல்லாமல் இரண்டரை மாதம்வரை காலியாகப் போட்டு வைப்பதுதான் வழக்கம். தாமிர மருந்தையும் அங்கே விட முடியாது, கல் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு இறாலோ பவளமோ வைக்க முடியாமல் போகும். நாலு வாரம் கண்ணாடித் தரையுள்ள சின்னத் தொட்டியில் வைத்துப் பார்ப்பது மலிவு. அதற்கும் பாக்டீரியா வேண்டுமே என்றால், பெரிய தொட்டியைப் பழக்கும்போதே அதன் ஃபில்டரில் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு வையுங்கள், அதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மீன் அங்கே இருக்கும் நாட்களில் பெரிய தொட்டியின் பாக்டீரியாவுக்குச் சிட்டிகை அம்மோனியம் போட்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் கூட்டம் சுருங்கிவிடும்.

எந்த மீன் என்றால், நான் மறுபடியும் கோமாளி மீனையே சொல்வேன், தொட்டியில் பிறந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய இடங்கள். அப்படிப் பிறந்தது குறுணை உணவுக்குப் பழகியிருக்கும். முன்பெல்லாம் சாகாது என்பதற்காக டாம்சல் மீனை முதலில் விடுவார்கள். சாகாது, சரிதான். தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைத்து, பின்னால் வருகிறவர்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும்.

முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள், உணவு வேண்டாம். காற்று பம்ப் ஓடட்டும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், கடல்நீர் 7ஐத் தொடாது. சூடு ஏற ஏற இன்னும் குறையும். சென்னைக் கோடையில் மின்சாரம் போனால் முதலில் தவிப்பது மீனும் பாக்டீரியாவும் சேர்ந்துதான், ஒரு பேட்டரி பம்ப் வாங்கி வையுங்கள். இரவில் கோமாளி மீன் ஒரு மூலையில் சாய்ந்து, சமயத்தில் பக்கவாட்டில் படுத்தபடி ஆடிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று கையை விட்டுவிடாதீர்கள், தூங்குகிறது.

மறுநாள் நான்கைந்து குறுணை போதும். மூன்றாம் நாள் டெஸ்ட் கிட்டை எடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. இலேசாகப் பச்சை காட்டினால் உணவை நிறுத்திவிட்டு கால் பங்கு தண்ணீரை மாற்றி, மறுநாள் திரும்பப் பாருங்கள். இரண்டாவது மீனைப் பற்றிய பேச்சு இன்னும் சில வாரம் கழித்து.