எல்க் வேட்டைக்குப் பாயிண்ட் சேர்ப்பவர்கள் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் வேட்டைக்கு ஆசைப்படும் வெளிமாநிலத்துக்காரர், துப்பாக்கி வாங்கும் முன்பே விண்ணப்பம் போடத் தொடங்க வேண்டும். எல்க் நம் மலைக்காட்டுக் கடமானுக்குத் தூரத்து உறவு. நன்கு வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். பெரிய கொம்புள்ள எல்க் நிறைய இருக்கும் பகுதிகளில், இத்தனை பேர் மட்டுமே வேட்டையாடலாம் என்று மாநில வனவிலங்குத் துறை எண்ணிக்கை வைத்திருக்கிறது. அந்த அனுமதிச் சீட்டுக்கு ‘டேக்’ என்று பெயர். கேட்பவர்கள் அதிகம், டேக் கொஞ்சம். ஆகவே விண்ணப்பித்தவர்களிலிருந்து ஆண்டுக்கொரு முறை ஆள் தேர்வு நடத்துகிறார்கள். அதில் கிடைக்காதவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆறுதலாக ஒரு பாயிண்ட் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு அது அவருக்குக் கை கொடுக்கும்.

வெளிமாநிலத்துக்காரருக்கு மட்டும் ஏன் குறைந்த பங்கு, கூடுதல் கட்டணம்? அங்கே வனவிலங்கு நிர்வாகம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. மொன்டானாவில் எல்க் வேட்டைக்கு வெளிமாநிலத்தவரிடம் பல மடங்கு கட்டணம் வாங்கியதை எதிர்த்து வழக்குப் போனபோது, அது செல்லும் என்று 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வேட்டை பொழுதுபோக்குதான், அடிப்படை உரிமை அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு அரிசோனாவின் 10 சதவீத உச்சவரம்பை எதிர்த்த வழக்கு ஒன்று மாநிலங்களுக்குத் தலைவலி ஆனது. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு, வெளிமாநிலத்தவரை வேறுபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உறுதி செய்தது. பாயிண்ட் சேர்ப்பவர் இதை மனதில் வைக்க வேண்டும். உங்கள் பாயிண்ட் சொத்து அல்ல, வங்கி இருப்பும் அல்ல. விதியை மாற்றும் உரிமை முழுக்க மாநிலங்களிடம்தான் இருக்கிறது.

பாயிண்டில் இரண்டு ரகம். பிரிஃபரன்ஸ் பாயிண்ட் என்பது நம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு மாதிரி: அதிகம் வைத்திருப்பவருக்கு முதலில், மிச்சம் இருந்தால் அடுத்தவருக்கு. போனஸ் பாயிண்ட், குலுக்கல் பானைக்குள் உங்கள் பெயரில் விழும் கூடுதல் சீட்டு. இருபது பாயிண்ட் இருந்தும் தோற்கலாம், இரண்டு பாயிண்ட் இருந்தும் ஜெயிக்கலாம். கொலராடோ இப்போதைக்கு முதல் ரகம். நெவாடாவும் மொன்டானாவும் இரண்டாம் ரகம், அதிலும் பாயிண்டை வர்க்கப்படுத்திக் கணக்கிடுகிறார்கள். 3 பாயிண்ட் 9 ஆகும், 10 பாயிண்ட் 100 ஆகும். வேறு சில மாநிலங்கள் இரண்டையும் கலக்கின்றன.

மூப்பு முறையில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு பகுதியில் வெளிமாநிலத்தவருக்கு ஆண்டுக்கு 10 டேக். போன ஆண்டு 18 பாயிண்ட் உள்ளவருக்குக் கிடைத்தது. உங்களிடம் 12 இருக்கிறது. இன்னும் ஆறே ஆண்டு என்று தோன்றும். ஆனால் உங்களுக்கு மேலே, 13 முதல் 18 பாயிண்ட் வரை 400 பேர் நிற்கிறார்கள் என்றால், ஆண்டுக்குப் பத்துப் பேராக அவர்கள் கரைய 40 ஆண்டு ஆகும். அவர்களும் சும்மா இருப்பதில்லை, ஆண்டுக்கொரு பாயிண்ட் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தேவைப்படும் பாயிண்ட் இப்படி நகர்ந்துகொண்டே போவதை ‘பாயிண்ட் கிரீப்’ என்கிறார்கள். எனவே, போன ஆண்டு எத்தனை பாயிண்டுக்குக் கிடைத்தது என்று பார்த்தால் மட்டும் போதாது. உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்று பாருங்கள். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு மாநிலமும் இந்தப் பட்டியலை வெளியிடுகிறது, இலவசம்தான். காசு வாங்கிக்கொண்டு இதையே வண்ண வரைபடமாகக் காட்டும் சேவைகளும் இருக்கின்றன. முதலில் மூலப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

கொலராடோவில் வேட்டைப் பகுதிகளுக்கு ‘யூனிட்’ என்று எண் உண்டு. அதில் யூனிட் 2, 10, 201 போன்ற வடமேற்கு மூலைப் பகுதிகள் இருபது பாயிண்டைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. இன்று பூஜ்யத்தில் தொடங்குபவர் அவற்றை மறந்துவிடுவது நல்லது. ஒரு சின்ன ஜன்னல் உண்டு: மிக அதிகப் பாயிண்ட் கேட்கும் வேட்டைகளில் 20 சதவீதம் வரை டேக்குகளைக் குலுக்கலுக்கு ஒதுக்குகிறார்கள், அதில் கலந்துகொள்ள 5 பாயிண்டாவது வேண்டும். ஆனால் அங்கே சுவாரசியமான விஷயம் விதிமாற்றம்தான். 2025 முதல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வெளிமாநில வில்வேட்டைக்காரர்கள் கடையில் நேரடியாக எல்க் டேக் வாங்க முடியாது, தேர்வு வழியாகத்தான். 2028 முதல் டேக்குகளில் பாதியை மூப்பின்படியும் மீதிப் பாதியைக் குலுக்கல் வழியாகவும் கொடுக்க மாநில வனவிலங்கு ஆணையம் முடிவெடுத்திருக்கிறது. இருபது ஆண்டு வரிசையில் நின்றவருக்கு இது இடி, புதிதாக வருபவருக்கு வரம். என்னைக் கேட்டால், கொலராடோவில் நடுத்தரப் பாயிண்ட் வைத்திருப்பவர் 2028-க்கு முன் செலவழித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நான் முதலில் பரிந்துரைப்பது வயோமிங். எல்க் பாயிண்ட் திட்டம் 2006-ல் அங்கே வந்தது. விண்ணப்பம் போடாமலே, ஜூலை முதல் அக்டோபர் வரை 52 டாலர் கட்டி அந்த ஆண்டுக்கான பாயிண்டை வாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கை வரம்புள்ள பகுதிகளின் டேக்குகளில் 16 சதவீதம் வெளிமாநிலத்தவருக்கு. அதில் 75 சதவீதம் பாயிண்ட் வரிசைப்படி, 25 சதவீதம் குலுக்கலில். பாயிண்டே இல்லாதவரும் நல்ல பகுதிக்குத் துணிந்து விண்ணப்பம் போடுவது அந்தக் கால்வாசியை நம்பித்தான். இன்னொரு நுணுக்கம்: வெளிமாநில டேக்குகளில் 40 சதவீதத்தை ‘ஸ்பெஷல்’ என்று தனியாக வைத்து விலையைக் கூட்டியிருக்கிறார்கள். சாதாரண டேக் 700 டாலர் அளவில் இருக்க, 2024 முதல் ஸ்பெஷல் 1,950 டாலர். காசு அதிகம் என்பதால் போட்டி குறைவு, ஓரிரு பாயிண்ட் குறைவாக இருந்தாலும் கிடைக்கக்கூடும். அந்தக் கூடுதல் ஆயிரத்துச் சொச்சம் உங்களுக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்பை மிச்சமாக்குமா என்று மட்டும் பாருங்கள்.

வயோமிங்கில் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டு விண்ணப்பமும் போடாமல் பாயிண்டும் வாங்காமல் இருந்தால், சேர்த்த எல்லாம் போச்சு. பதிவைப் புதுப்பிக்க மறந்து மூப்பை இழந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மத்திய அரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த காடுகளுக்குள் வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாடக் கூடாது. காசு வாங்காமல் கூட வரும் வயோமிங்வாசி நண்பர், அதற்கான இலவச உரிமம் எடுத்திருந்தால் போதும். அப்புறம், வேலை மாற்றி அந்த மாநிலத்துக்கே குடிபோனால் எல்க் பாயிண்டுக்கு வேலை இல்லை, ஏனென்றால் உள்ளூர்க்காரர்களுக்கு எல்க்குக்குப் பாயிண்ட் முறையே கிடையாது.

அரிசோனா கொம்புக்குப் பேர்போனது, பொறுமைக்கும்தான். ஒவ்வொரு வேட்டையிலும் 20 சதவீத டேக் முதலில் அதிகப் பாயிண்ட்காரர்களுக்குப் போகும், வெளிமாநிலத்தவர் மொத்தம் 10 சதவீதத்தைத் தாண்ட முடியாது. பாயிண்ட் மட்டும் வேண்டும் என்றாலும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். 2025 வரையிலான விலைப்படி 160 டாலர், விண்ணப்பத்துக்கு 15. இருபது ஆண்டுக்கு 3,500 டாலர் ஆகிறது, இன்னும் காட்டுக்குள் கால்கூட வைக்கவில்லை. யூட்டா பாதி டேக்கை அதிகப் பாயிண்ட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குலுக்குகிறது. நியூ மெக்சிகோவில் பாயிண்டே இல்லை: 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவருக்கு, மீதி 6 சதவீதம் தனியாகப் போகும் வெளிமாநிலத்தவருக்கு. புதிதாக வருபவரும் முப்பது ஆண்டு முயன்றவரும் அங்கே ஒன்றுதான். ஆகவே, மற்ற இடங்களில் பாயிண்ட் ஏறும் வரை இங்கேயும் விண்ணப்பம் போட்டு வைப்பதில் நஷ்டம் குறைவு.

சரி, நாற்பது வயதில் பூஜ்யத்தில் தொடங்குபவர் எப்படித் திட்டமிடலாம்? ஐந்து ஆண்டுக்குள் கட்டாயம் ஒரு வேட்டை என்று வயோமிங்கை வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலத்துக்கு அரிசோனா, யூட்டாவில் ஏதாவது ஒன்று போதும், இரண்டையும் ஏற்றினால் செலவு கட்டுப்படியாகாது. பகுதியை மாற்றும் முன் பருவத்தை மாற்றிப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் ஆண் எல்க் குரல் கொடுத்துத் துணை தேடும் நாட்களில் துப்பாக்கி வேட்டைக்கு உள்ள டேக்தான் மிக அரிது. அதே பகுதியில் நவம்பர் வேட்டை பல பாயிண்ட் குறைவாகவே கேட்கும். முதல் எல்க்கே 350 அங்குலக் கொம்போடு (கொம்பின் கிளைகளையெல்லாம் அளந்து கூட்டிய கணக்கு) வேண்டும் என்று நிற்பவர்கள் பலர், எல்க்கின் குணமே தெரியாமல் பதினைந்து ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள். கடைசியில் டேக் கிடைக்கும்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

நண்பரோடு சேர்ந்து விண்ணப்பித்தால் கவனம். வயோமிங் குழுவின் சராசரிப் பாயிண்டைப் பார்க்கும். கொலராடோ குழுவிலேயே குறைந்தவரின் பாயிண்டைத்தான் பார்க்கும். 10 வைத்திருக்கும் மாமா பூஜ்யத்தில் இருக்கும் மருமகனைச் சேர்த்துக்கொண்டால், கொலராடோவில் இருவருக்கும் பூஜ்யம்தான்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் எடுத்து வையுங்கள்: கொலராடோவில் 1949-லோ அதற்குப் பிறகோ, வயோமிங்கில் 1966-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கேட்கப்படும்.

வயோமிங், அரிசோனா எல்க் விண்ணப்பங்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். நியூ மெக்சிகோ மார்ச்சில், மொன்டானா ஏப்ரல் 1, கொலராடோ ஏப்ரலின் முதல் செவ்வாய். டேக் கிடைத்த பிறகு உடம்பு சரியில்லை, விடுப்பு கிடைக்கவில்லை என்றால் கொலராடோவில் வேட்டை தொடங்க 30 நாளுக்கு முன்பே திருப்பிக் கொடுத்துப் பாயிண்டை மீட்டுக்கொள்ளலாம்.