கை வைக்கும் முன் கேளுங்கள்: மசாஜ் எப்போது உதவும், எப்போது ஆபத்து

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சதை சூடாகவும் தொட்டாலே வலிப்பதாகவும் இருந்தால் அதை யாரும் அமுக்கிவிட வேண்டாம். எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அமுக்கும்போது அது பெயர்ந்து, ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மண்டலேயிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள், ஆபரேஷன் முடிந்து நாள்கணக்கில் படுத்திருந்தவர்கள், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத பெண்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். பச்சை உடம்புக்காரிக்குத்தான் நம் வீடுகளில் எண்ணெய் காய்ச்சி அக்கறையாகக் காலை நீவிவிடுவோம். அந்த அக்கறையில் தவறில்லை. நீவுவதற்கு முன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

நான் யாங்கோனில் இயன்முறைச் சிகிச்சை செய்கிறேன். என் பிழைப்பே இந்தக் கைகள்தான். மசாஜ் வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை. சரியான உடம்பில், சரியான அளவில் கை வைத்தால் அது தரும் நிம்மதியை தினமும் பார்க்கிறேன். ஆனால் என்னிடம் வருவதற்கு முன் வேறு யாரிடமோ போய், அங்கே யாரும் எதுவும் கேட்காமல் படுக்க வைத்து நசுக்கி அனுப்பிய கதைகளையும் தினமும் கேட்கிறேன். கேள்வி கேட்காத கைதான் என் கவலை.

தெய்ன்ஜி சந்தைப் பக்கம் சைக்கா ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். சைக்காவில் பயணிகள் உட்காரும் பெட்டி ஒரு பக்கமாக இணைந்திருக்கும். மிதிக்கும்போதும் திருப்பும்போதும் பாரம் முழுக்க ஒரு பக்கம்தான் இழுக்கும். வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு இடுப்பில் ஒரு பக்கம் இறுகிப்போய்க் கிடப்பது சகஜம். இவருக்கும் அதுதான் என்று யாரும் நினைப்பார்கள். "பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னேன் தாயி, அதிலிருந்து படுக்க முடியல" என்றார்.

குழந்தையை ஏறி மிதிக்கச் சொல்வது பர்மியர் வீட்டிலும் உண்டு, நம் வீட்டிலும் உண்டு. நான் கை வைக்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். லுங்கி மடிப்பிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று நாலு மாத்திரை. பெயர் இல்லை, அட்டை இல்லை. கடையில் வலிக்குக் கலந்து கொடுப்பது. தினமும் ஒரு பொட்டலம் போட்டால்தான் வண்டி மிதிக்க முடியும் என்றார். முகம் உருண்டு உப்பியிருந்தது. முன்னங்கைத் தோல் காகிதம் போல மெலிந்து, அங்கங்கே கன்றிப்போன ஊதா நிறத் திட்டுகள்.

இப்படிப்பட்ட பொட்டலங்களில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருப்பது உண்டு. முதல் நாளே வலி பறந்துவிடும், அதனால்தான் ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நாள்பட நாள்பட எலும்பு உள்ளேயே பலமிழக்கும். அந்த முதுகில் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பாரம்கூட அதிகம். அவரை எக்ஸ்ரேக்கு அனுப்பினேன். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. என்னுடைய கையும் அன்று அங்கே அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டை வெகுநாள் எடுத்த உடம்பு அதைத் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று வேறு ஆபத்து. டாக்டரிடம் பொட்டலத்தோடு போய், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, மசாஜ் எப்படி வேலை செய்கிறது? முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துக்கொள்கிறோம், வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. தொடுகையும் அழுத்தமும் அனுப்பும் சேதி தண்டுவடத்தில் வலியின் சேதியை முந்திக்கொண்டு அதைத் தணிக்கிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். பிற்காலத்தில் அதில் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. கூடவே, நம்பிக்கையான ஒரு கை மெதுவாக நீவும்போது மூச்சு நிதானமாகிறது, நெஞ்சுத் துடிப்பு தணிகிறது, வலிக்குப் பயந்து இறுக்கிப் பிடித்திருந்த தசை விட்டுக்கொடுக்கிறது. மசாஜின் பலன் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

அப்படியென்றால் 'கெட்ட நீர் இறங்கும்', 'உடம்பில் உள்ள நஞ்சு வெளியேறும்' என்று சொல்கிறார்களே? அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. கடும் உழைப்பில் தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தைக்கூட உடம்பு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானே சரிசெய்துவிடும், அதற்கு யாரும் பிழிந்தெடுக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2020இல் மட்டும் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக அது சொல்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல் ஆகியவற்றோடு மசாஜையும் அது உதவக்கூடிய சிகிச்சைகளில் சேர்த்திருக்கிறது. இடுப்பில் கட்டும் பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. படகுத் துறையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை சுமக்கும் தம்பிகள் பெல்ட்டை நம்பித்தான் இருக்கிறார்கள், அதனால் இதைச் சொல்கிறேன். மசாஜ் உதவும், ஆனால் தனியாக உதவாது. அது தரும் நிம்மதி சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அந்த இடைவெளியில் உடம்பை அசைத்துப் பழக்கிக்கொண்டால்தான் வலி திரும்பி வருவது குறையும்.

இனி அழுத்தம். "வலிக்க வலிக்கப் பிடிங்க, அப்பத்தான் கேக்கும்" என்று சொல்லாதவர்கள் எங்கள் அறைக்கு வருவதே அபூர்வம். வலி தாங்கினால் பலன் வரும் என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். அழுத்தல் அந்த ஒன்பதில் ஒன்றுதான். நம் முன்னோரே தட்டியும் அசைத்தும் சரிசெய்ததை நாம் கட்டைவிரலால் மட்டும் குத்திச் சரிசெய்யப் பார்க்கிறோம்.

நான் பின்பற்றும் அளவு எளிமையானது. பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்று கேட்பேன். நாலு, ஐந்து வரை 'சுகமான வலி'. அதற்கு மேல் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், கால்விரல் மடங்கும், தசை எதிர்த்துக்கொண்டு இறுகும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வீண். மறுநாள் லேசான வலி இருப்பது இயல்பு. நீலம் பாரித்தால் அது அளவு மீறியது. மிகக் கடுமையாக நசுக்கியதில் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போய், சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

முடிவெட்டும் கடையில் கடைசியாகத் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புக்குள் ஓடி மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் அந்த வெடுக்கில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் பாதிப்பு சரியாகாமலே போகலாம். "தலையை மட்டும் வெட்டித் திருப்பாதீங்க அண்ணே" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இதே கவலை குழந்தைகள் விஷயத்திலும் உண்டு. உரம் விழுந்தது என்று பச்சைக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவதும், குடலேற்றம் என்று வயிற்றை உருவுவதும் வேண்டவே வேண்டாம். குடல்வால் வீங்கியிருந்தால் உருவும்போது உள்ளேயே வெடிக்கலாம்.

நம் நாட்டில் இன்னொரு விஷயம் முக்கியம். காசநோய் அதிகமுள்ள நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட முப்பதில் மியான்மரும் ஒன்று. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, முதுகெலும்பிலும் வரும். நடுமுதுகில் விடாத வலி, ராத்திரியில் கூடுவது, மாலையில் லேசான காய்ச்சல், வேர்வை, உடம்பு இளைப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் அந்த முதுகில் கை வைக்கக் கூடாது. அரித்துப்போன எலும்பை அழுத்தினால் தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழந்துவிடலாம். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் உடம்புவலிக்கும் மசாஜ் கிடையாது. டெங்குவாக இருந்தால் ரத்தம் உறையும் தன்மை குறைந்திருக்கும், அழுத்திய இடமெல்லாம் உள்ளே கசியும். இடது தோளும் கையும் தாடையும் வலித்து, வேர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம், தைலம் தேய்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். இடுப்பு வலியோடு இரண்டு காலும் பலமிழந்து, தொடை இடுக்கில் மரத்துப்போய், சிறுநீர் போவதே தெரியாமல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உணர்ச்சி மங்கிய பாதம் சூட்டையும் அறியாது, அழுத்தத்தையும் அறியாது. வறுத்த உப்பை முடிந்து ஒத்தடம் கொடுத்ததில் கொப்புளம் கிளம்பி, அது புண்ணாகி, புண் எலும்புவரை போன பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டைச் சோதிப்பவர் தன் முன்கையில் வைத்துச் சோதிக்க வேண்டும், பாட்டியிடம் "சுடுதா?" என்று கேட்டுப் பயனில்லை. மசாஜ் செய்யும் முன் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்துவிடுங்கள். புண் இருந்தால் அங்கே கை படக் கூடாது.

தைலம் என்றால் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. உலகம் முழுக்க விற்கும் டைகர் பாம் பிறந்தது ரங்கூனில்தான். 1870களில் ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் இங்கே மருந்துக்கடை வைத்தார், அவர் மகன்கள் அதைப் பெரிதாக்கினார்கள். இப்படிப்பட்ட தைலங்களில் உள்ள கற்பூரமும் மென்தாலும் தோலில் குளிர்ச்சியும் வெப்பமும் உணரச் செய்து வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும். எலும்புவரை இறங்குவதில்லை. தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தாலோ இறுக்கிக் கட்டினாலோ தோல் வெந்துபோகும். கற்பூரம் கலந்தது எதுவும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம், வலிப்பு வரலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் காட்டமான வலித் தைலத்தை அள்ளிப் பூசக் கூடாது. பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும், அது மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். சாதாரணமாக நீவிவிட மக்வே பக்கத்து நல்லெண்ணெய் போதும்.

மசாஜ் என்றதும் முகம் சுளிப்பவர்களும் நம்மில் உண்டு, முக்கியமாகப் பெண்கள் தயங்குகிறார்கள். சிகிச்சைக்கான மசாஜில் வலிக்கிற பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். எந்த நிமிஷத்திலும் போதும் என்று நிறுத்தலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் படுக்காதீர்கள்.

அனௌரத்தா சாலையில் தோசை சுடும் அக்கா ஒருவருக்கு வலது தோளிலும் கழுத்திலும் தீராத வலி. போய்ப் பார்த்தேன். உட்காரும் முக்காலி ஒரு சாண் உயரம், அடுப்பும் தரையோடு. மாவுச் சட்டி பின்பக்கமாக இருந்ததால் ஒவ்வொரு கரண்டிக்கும் உடம்பைத் திருக வேண்டியிருந்தது. அவரை நாற்காலியில் திருப்பி உட்கார வைத்து, முதுகுச்சட்டத்தில் தலையணை போட்டு அதன்மேல் நெற்றியைச் சாய்க்கச் சொன்னேன். உள்ளங்கையால் கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை மெதுவாக நாலைந்து முறை நீவல், பிறகு அந்தச் சதையை முழுக் கையாலும் பிடித்து, விடாமல் ஒரு மூச்சு நேரம் வைத்து, விடுவது. முதுகுத் தண்டின் மேல் நேரடியாக எதுவும் இல்லை. பத்து நிமிஷம்தான். அவர் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் அடுப்பின் கீழ் இரண்டு செங்கல், உயரமான முக்காலி, மாவுச் சட்டி வலது கைக்கு முன்னால். மணிக்கொரு தரம் எழுந்து தோளை உருட்டிவிட்டு உட்காரச் சொன்னேன். இப்போது வலி வந்தாலும் வேலை நிற்பதில்லை என்கிறார்.

பிடித்துவிடுகிறவர்களுக்கும் ஒன்று. யாங்கோனில் கண் பார்வையற்ற பலர் இந்தத் தொழிலை முறையாகக் கற்றுச் செய்கிறார்கள், மற்ற பலர் பார்த்துப் பழகியே செய்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் தேய்வது கட்டைவிரல் மூட்டு. விரலை நிமிர்த்திக் குத்தாமல் உள்ளங்கையையும் முன்கையையும் பயன்படுத்துங்கள். படுக்கையை உங்கள் தொடை உயரத்துக்கு வைத்து, கையை வளைக்காமல் உடம்பின் பாரத்தைச் சாய்த்துக் கொடுங்கள். கட்டைவிரல் அடியில் காலையில் வலியோ இறுக்கமோ தெரிந்தால் அந்த வாரமே ஆட்களைக் குறைத்துக்கொண்டு மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.